பின்வாசல் நெருப்பு வேண்டாம்

மருத்துவமனைத் துணி அறை
பிப்ரவரி 4

சாமியாகிவிட்ட என் தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று தெரியும். வியாழக்கிழமை பூசையில் பார்த்தேன், கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. பங்கு வீட்டுச் சமையல்காரர் கை தாராளம் போலிருக்கிறது. நாலு தெரு தள்ளி இருக்கிற தம்பிக்குத் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன் என்று தபால்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். நேரில் வந்தால் வாசலில் கோயில் பேரவைச் செயலாளர் நிற்கிறார். போனில் பேசினால், "அக்கா, ஒரு கூட்டம் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. படித்துத்தான் ஆக வேண்டும்.

தீக்குச்சியை உரசியது நான்தான். பூசை முடிந்ததும் யார் யார் என்று விசாரித்தார்களாமே. விசாரிக்க என்ன இருக்கிறது? கடைசித் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், ஒளியவில்லை.

நடந்ததில் பாதியைத்தான் நீ பார்த்திருப்பாய். அன்று திரி மந்திரிக்கிற திருநாள். குழந்தை இயேசுவைக் கிழவர் சிமியோன் கையில் ஏந்தி, இதோ ஒளி என்று சொன்ன நாள். அதனால் கோயிலுக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு மெழுகுதிரி. குழந்தையை ஏந்துகிற மாதிரி அதை ஏந்திக்கொண்டு சுற்றி வர வேண்டும். கணக்கு டீச்சர் கூடையோடு வரிசையாக வந்தார். எனக்கு இந்தப் பக்கம் நின்ற பெரியவருக்குக் கொடுத்தார். அந்தப் பக்கம் நின்ற பிள்ளைக்குக் கொடுத்தார். நடுவில் நான் கையை நீட்டியபடி நிற்கிறேன். "கோயில்ல உங்க குடும்ப அட்டை ரத்தாயிடுச்சுங்க. செயலாளரைக் கேட்டுக்குங்க" என்றார், கூடையைப் பார்த்துக்கொண்டே.

பிறகென்ன, என் பையில் இருந்ததை எடுத்தேன். மின்சாரம் போனால் ஏற்ற வைத்திருந்த கடைத் திரி. உன் அத்தானுடைய தீப்பெட்டியும் பையில் கிடந்தது. அத்தனை பேரும் மூச்சுவிடாமல் நின்ற நேரம் அது. ஒரு குச்சி உரசுகிற சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நானும் நினைக்கவில்லை.

அட்டையை ரத்து செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம்தான், வருத்தம் இல்லை. வருத்தம் உன் மேல். தீர்த்தம் தெளிக்கிற குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய். பிறகு கூரையைப் பார்த்தாய். அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு உனக்கு முகம் கழுவிவிட்ட கை இது. இந்தக் கையில் ஒரு திரியை வைக்க உன்னால் முடியவில்லை.

பதில் எழுது.

உன் அக்கா

பி.கு.: பீடத்துணியில் வழிந்த மெழுகை இப்போது கத்தியால் சுரண்டுகிறார்கள் போலிருக்கிறது, வலது மூலையில் நூல் பிரிந்திருக்கிறது. பழுப்புத் தாளை வைத்துச் சூடான இஸ்திரியை ஓட்டினால் தாள் மெழுகைக் குடித்துவிடும். என்னிடமிருந்து அந்த வேலையைப் பறித்துக்கொண்டவர்களிடம் இதையாவது சொல்.


பங்கு வீடு
பிப்ரவரி 9

ஆண்டவரில் அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

அவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. உங்கள் கடிதம் கிடைத்தது.

உங்களைக் கோயிலை விட்டு யாரும் வெளியேற்றவில்லை. திருச்சபை ஒரு தாய். ஆனால் தாய்க்கும் வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. பீடத்தின் முன் நடந்த உங்கள் முதல் திருமணம் இருக்கிறது. அவர் உங்களை விட்டுப் போனது அவர் பாவம். ஆனாலும் பதிவு அலுவலகத்தில் வேறொரு நபரோடு கையெழுத்துப் போட்டதைத் திருச்சபையால் திருமணமாகப் பார்க்க முடியாது. அதனால் பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. குடும்ப அட்டையை ரத்து செய்தது எனக்கு முன்பே பேரவை எடுத்த முடிவு. திரியைக்கூடக் கொடுக்காதது கடுமைதான். ஆனால் ஜெபத்தின் நடுவே தீக்குச்சி உரசியதும் சரியில்லை.

இதற்கு வழி இருக்கிறது. எங்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயரின் இல்லத்தில் திருமண விசாரணை மன்றம் உண்டு. முதல் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று காட்ட முடிந்தால் எல்லாம் சரியாகும். மனுவை நானே எழுதித் தருகிறேன். அதுவரை, தயவுசெய்து, பின்வரிசையில் அமைதியாக இருங்கள். நான் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்த சாமியாரை இந்தப் பேரவைதான் மாற்ற வைத்தது.

தொண்டை சரியில்லை. வெந்நீர் குடிக்கிறேன்.

ஜெபத்துடன்,
பங்குத்தந்தை


துணி அறை
பிப்ரவரி 15

பங்குத்தந்தை என்று கையெழுத்துப் போடுகிற தம்பிக்கு,

உன் சமாதானம் வந்து சேர்ந்தது. வீட்டில் வைக்க இடம் இல்லாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. "அவர்களுக்கு", "உங்கள்" என்று அத்தனை மரியாதையைப் பார்த்ததும், ஆயருக்குப் போக வேண்டிய கடிதம் உறை மாறி எனக்கு வந்துவிட்டதோ என்று முகவரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

தொண்டை சரியில்லை என்கிறாய். திரித் திருநாளுக்கு மறுநாள்தானே ஊரார் தொண்டைக்கெல்லாம் இரண்டு திரியைக் குறுக்கே கட்டி வைத்து மந்திரித்தாய். உன் தொண்டைக்கும் யாரையாவது வைக்கச் சொல்லியிருக்கலாம். பேச வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொள்கிறதே.

இனி மனு விஷயம். எழுத மாட்டேன். அந்தக் கல்யாணம் நடந்தது தம்பி. நீயும் இருந்தாய், புதுச் சட்டை கழுத்தில் குத்துகிறது என்று அழுதாய். சம்மதமா என்று கேட்டார்கள், மனதாரச் சம்மதம் என்று சொன்னேன். பீடத்தில் திரிகள் எரிந்தன. அந்த மனிதர் பதினோரு வருஷம் இருந்தார், ஒருநாள் போய்விட்டார். இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார், இருக்கட்டும். ஓடிப்போனது அவர். நடந்ததை நடக்கவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டியது நானா? செல்லாத கல்யாணம் என்றால் அந்தப் பதினோரு வருஷமும் நான் யாரோடு இருந்தேன்? சிலருக்கு அந்த விசாரணை சரியாக இருக்கலாம். எனக்குச் சரியில்லை. பொய்யைச் சொல்லி வாங்குகிற நற்கருணை எனக்குத் தொண்டையில் இறங்காது.

"வேறொரு நபர்" என்று எழுதியிருக்கிறாய். அந்த நபர் எங்கள் மருத்துவமனைத் தண்ணீர்ப் பம்பைச் சரிபார்க்க வந்தவர். துணி மலைக்கு நடுவில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கு முன் பல வருஷமாக யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நீயும்தான். அவர் நம் வேதம் இல்லை, சாமி கும்பிடுகிற பழக்கமே இல்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் என்னைக் கோயிலில் இறக்கிவிட்டு, பூசை முடிகிற வரை வெளியில் வண்டியோடு நிற்கிறார். அவருக்கு ஒரு பெயர் உண்டு, உறவுமுறையும் உண்டு. அத்தான் என்று எழுத நாலு எழுத்துதான்.

நான் நற்கருணை கேட்கவில்லை. வரிசை நகரும்போது முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பாஸ்கா இரவு வருகிறது, ஆண்டவர் உயிர்த்தெழுகிற ராத்திரி. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வெளியே மூட்டிய புது நெருப்பில் பெரிய திரியை ஏற்றிக்கொண்டு நீ இருட்டுக்குள் வருவாய். அதிலிருந்து ஒருவர் ஏற்றுவார், அவரிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று கோயில் முழுக்க வெளிச்சமாகும். அந்த வரிசையில் நான் நிற்பேன். பக்கத்தில் இருப்பவரிடம் வாங்குவேன், அடுத்தவருக்குக் கொடுப்பேன். அதற்கு எந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது என்று பார்த்து எழுது.

உன் அக்கா


பங்கு வீடு
மார்ச் 12

அன்பு அக்கா,

சட்டத்தில் தடை இல்லை. தேடிப் பார்த்தேன்.

ஆனால் சட்டம் வேறு, ஊர் வாய் வேறு. செயலாளரிடம் பேசினேன். "அவங்க வாங்கறது இருக்கட்டும் சாமி, அவங்க கையிலேர்ந்து யார் வாங்குவாங்க? அந்த இடத்திலே வரிசை அறுந்துடும்" என்கிறார். பேரவையில் பாதிப் பேர் அவர் பக்கம். மீதிப் பேர் தூங்குகிறார்கள்.

ஒரு யோசனை தோன்றியது, கோபப்படாமல் படி. புது நெருப்பைக் கோயிலுக்குப் பின்னால் உள்ள முற்றத்தில்தான் மூட்டுகிறோம். நீ கொஞ்சம் முன்னதாகப் பின்வாசல் வழியாக வா. பெரிய திரியை ஏற்றியதும் முதல் வேலையாக உன் திரியை என் கையாலேயே ஏற்றித் தருகிறேன். யாரும் பார்க்க மாட்டார்கள். அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம். கோயிலில் உள்ள எல்லோரையும்விட முதலில் உனக்குத்தான் கிடைக்கும்.

அன்றைய பிரசங்கத்தில் கொஞ்சம் கீழே எழுதியிருக்கிறேன். நான் படிப்பில் இருந்த காலத்திலிருந்து நீ பார்த்துத் திருத்தாமல் எதையும் பேசியதில்லை. வேறு யாரிடம் காட்டுவது?

"மெழுகுதிரி கிறிஸ்துவின் சாயல். தேனீக்கள் சேர்த்த தூய மெழுகு அவருடைய உடல். உள்ளே மறைந்திருக்கும் திரிநூல் அவருடைய ஆன்மா. மேலே நின்று எரியும் சுடர் அவருடைய இறைத்தன்மை. தன்னை அழித்துக்கொண்டு பிறருக்கு ஒளி தருவதால் அது தியாகத்தின் அடையாளம். பாஸ்கா திரியில் பதித்த ஐந்து சாம்பிராணி மணிகள் அவருடைய ஐந்து காயங்கள்."

எப்படி இருக்கிறது?

உன் தம்பி


துணி அறை
மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

கையெழுத்தில் தம்பி திரும்பி வந்துவிட்டான். அதற்காகவே உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது கோபம் வந்தது.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடி வைக்க மாட்டார்கள் என்று நீ எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும். நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் தொற்று நோயாளிகளின் துணியைப் பின்வாசல் வழியாகத்தான் கொண்டுவந்து போடுவார்கள், நாங்கள் கையுறை போட்டுத்தான் எடுப்போம். உன் யோசனையைப் படித்ததும் எனக்கு அந்த மூட்டைதான் நினைவுக்கு வந்தது. பின்வாசல் நெருப்பு எனக்கு வேண்டாம். முதலில் வேண்டாம், கடைசியாகக் கிடைத்தால் போதும். ஆனால் எல்லோரும் பார்க்கக் கிடைக்க வேண்டும்.

பிரசங்கம் அழகாகத்தான் இருக்கிறது. பாட்டு மாதிரி ஓடுகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மெழுகு உடல், நூல் ஆன்மா, சுடர் தெய்வம், சரி. மூன்றையும் வைத்து மேசைமேல் நிறுத்தினால் அது தானாகப் பற்றிக்கொள்ளுமா? எரிகிற ஒன்று பக்கத்தில் வர வேண்டும் அல்லவா? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. கடையில் வாங்குகிற வரைக்கும் அது வெறும் மெழுகு. ஒருவர் தன்னிடம் இருப்பதைக் கொடுத்தால்தான் அது திரி.

திரித் திருநாளில் நானே குச்சியை உரசி ஏற்றினேனே, அது கோபத்தில் ஏற்றியது. எரிந்தது, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் ஊதி அணைத்துவிட்டேன். அந்த மாதிரி வெளிச்சம் என் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. கோயிலுக்கு வருவது இன்னொருவர் கொடுத்து வாங்குவதற்கு. இதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொள். நான் சொன்னேன் என்று சொல்லாதே, செயலாளர் எழுந்து போய்விடுவார்.

உன் அக்கா


பங்கு வீடு
ஏப்ரல் 3

அன்பு அக்கா,

நல்ல செய்தி. பிரச்சினை தீர்ந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போன வருஷம் பாஸ்கா இரவில் ஒரு அம்மாவின் தலைத்துணியில் பொறி விழுந்ததாம். அதைச் சாக்காக வைத்துப் பேரவையில் பேசினேன். இந்த வருஷம் எல்லோருக்கும் பேட்டரித் திரி. பிளாஸ்டிக்கில் மெழுகுதிரி மாதிரியே செய்திருக்கிறார்கள், அடியில் ஒரு சுவிட்ச். நான் பெரிய திரியோடு உள்ளே வந்ததும் ஒரு மணி அடிக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட வேண்டியதுதான். வாசலில் பெட்டி இருக்கும், அட்டை பார்ப்பது கிடையாது, வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நீயும் எடுத்துக்கொள்ளலாம், செயலாளரே சம்மதித்துவிட்டார். யாரும் யாரிடமும் வாங்க வேண்டாம், யாரும் யாருக்கும் மறுக்கவும் முடியாது.

பாம்பும் சாகவில்லை, தடியும் முறியவில்லை. சந்தோஷம்தானே?

உன் தம்பி


துணி அறை
ஏப்ரல் 6

தம்பி,

சந்தோஷம் இல்லை.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். அவர், "இதுக்கு எதுக்குக் கோயிலுக்குப் போகணும், டார்ச் லைட் நம்ம வீட்டிலேயே இருக்கே" என்றார். சாமி கும்பிடாதவருக்குப் புரிந்தது உனக்குப் புரியவில்லை.

எனக்கு ஒரு கங்கு நெருப்பைக் கொடுக்கக் கூடாது என்பதற்காக, ஊருக்கே நெருப்பு இல்லாமல் செய்துவிட்டீர்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. யாரும் யாரிடமும் வாங்க வேண்டாம் என்று எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறாய். வாங்க வேண்டும் தம்பி. பணக்காரர் தன் வீட்டு வேலைக்காரியிடம் வாங்க வேண்டும். பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பி பக்கத்தில் நின்றால், வேறு வழியில்லாமல் ஒருவரிடம் ஒருவர் வாங்க வேண்டும். வருஷத்தில் ஒரு ராத்திரியாவது அப்படி நடக்கட்டும் என்றுதான் அந்தச் சடங்கை வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். நீ படித்தவன், தவறென்றால் திருத்து.

கணக்கு டீச்சர் என்னிடமிருந்து வாங்க மாட்டேன் என்று திரியை இழுத்துக்கொண்டிருந்தால் எனக்கு வலித்திருக்கும். ஆனால் அது என் முகத்துக்கு நேராக நடந்திருக்கும். அவருக்கும் ராத்திரி தூக்கம் வந்திருக்காது. இப்போது ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

நான் மெழுகுதிரியோடுதான் வருவேன். பையில் தீப்பெட்டி இருக்காது. கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, நடைபாதை ஓரமாக நிற்பேன். நீ பெரிய திரியோடு என்னைக் கடந்துதான் போக வேண்டும். கையை நீட்டுவேன். அதற்குமேல் உன் பாடு.

அக்கா


வீடு
ஏப்ரல் 17

தம்பிக்கு,

உயிர்த்தெழுந்த ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. உன்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது.

நீ கடந்து போனாய். உன் கையில் இருந்த பெரிய திரிக்கும் என் திரிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. "கிறிஸ்துவின் ஒளி" என்று பாடினாய், எல்லோரும் "இறைவனுக்கு நன்றி" என்று பாடினார்கள், நானும் பாடினேன். மெழுகு உருகுகிற வாசனை என் முகத்தில் அடித்தது. நீ போய்விட்டாய். மணி அடித்தது, டக் டக் என்று சுவிட்சுகள் விழுந்தன. அதிலும் ஒரு பெட்டி மட்டும் பிறந்தநாள் விழாவுக்கு விற்கிற ரகம் போல. கணக்கு டீச்சர் துக்க முகத்தோடு கண்மூடி நிற்கிறார், கையில் திரி சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிகிறது. வேறு ஒரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. திரும்பிப் போகலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். பிறகு நான் ஏன் போக வேண்டும் என்று நின்றேன். ஏற்றாத திரியைக் கடைசிவரைக்கும் உயர்த்திப் பிடித்தபடியே நின்றேன், தோள் மரத்துப்போனது. நீ பார்க்க வேண்டும் என்றுதான் பிடித்தேன்.

பிறகு நீ பெரிய திரிக்குப் பக்கத்தில் நின்று அந்த இரவின் நீண்ட பாட்டைப் பாடினாய். விடுமுறைக்கு வருகிறபோதெல்லாம் நான் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, நீ மனப்பாடமாகப் பாடிக் காட்டுவாயே, அதே பாட்டு. தேனீக்களின் வேலையைப் புகழ்கிற இடம் வந்தது. அடுத்து, இந்த நெருப்பு எத்தனை பேருக்குப் பங்கு போட்டாலும் குறையாது என்கிற வரி வர வேண்டும். வரவில்லை. நீ ஒரு கணம் நின்றாய், அதற்கடுத்த வரிக்குப் போய்விட்டாய். ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. சாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நீ மறக்கவில்லை. அந்தப் பாட்டை உன்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவாய். கையில் பிளாஸ்டிக்கோடு நிற்கிற ஊரைப் பார்த்து அந்த வரியைப் பாட உனக்கு வாய் வரவில்லை. அந்த மட்டுக்கும் உனக்குள் இன்னும் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபமும் ஆறுதலும் பாதிப் பாதி.

பெந்தெகொஸ்தே வரைக்கும், ஐம்பது நாள், அந்தப் பெரிய திரி பீடத்துக்குப் பக்கத்தில் எரியும். அதுவரை காத்திருப்பேன். அதுவரை கோயிலுக்கும் வர மாட்டேன். நீ வா.

அக்கா


பங்கு வீடு
ஏப்ரல் 25

அன்பு அக்கா,

நீ ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

பிரசங்க நேரத்தில் பிரசங்கம் செய்யவில்லை. பாஸ்கா இரவில் விட்ட வரியைப் பாடினேன், அது ஒன்றை மட்டும். பாடிவிட்டு, "இதை அன்னைக்கு நான் வேணும்னேதான் விட்டேன்" என்றேன். ஏன் விட்டேன் என்றும் சொன்னேன். ஒரு பெண் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார், அவர் என் அக்கா, அம்மாவுக்குப் பிறகு என்னை வளர்த்தவர், நான் பேரவைக்குப் பயந்து கடந்து போனேன் என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

செயலாளர் எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் நாலைந்து குடும்பங்கள் போயின. கணக்கு டீச்சர் போகவில்லை, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும் செயலாளர் திரும்பி வந்து, கோயில் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். "ஆயருக்கு எழுதியாச்சு" என்றார். "நல்லது, நான் எழுதறதுக்கு முன்னாடி நீங்க எழுதிட்டீங்க" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ. உன் கடிதங்களைப் படித்துப் படித்து உன் நாக்கு எனக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இன்று ஆயர் இல்லத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, அடுத்த மாதம் பத்தாம் தேதி.

பேட்டரித் திரிகளைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். கலர் மாறுகிறதை மட்டும் கடைக்காரன் வாங்க மாட்டேன் என்கிறான்.

பாஸ்காவுக்குப் பிறகு வீடுகளை மந்திரிக்கப் போவது வழக்கம். இந்த வருஷம் முதல் வீடு உன் வீடு. வருகிற ஞாயிறு மாலை, பெரிய திரியிலிருந்து ஏற்றிக்கொண்டு, கோயில் முன்வாசல் வழியாக, பெரிய தெரு வழியாக, அங்கியோடு நடந்து வருகிறேன். வெயில் இருக்கும்போதே வருகிறேன்.

அத்தானை வீட்டில் இருக்கச் சொல்.

உன் தம்பி


வீடு
மே 3

என் தம்பிக்கு,

நீ நடந்து வந்ததை நீ பார்த்திருக்க முடியாது, நெருப்பை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தாய். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மூன்று மணியிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். டயர்க் கடைத் திருப்பத்தில் வெள்ளை அங்கி தெரிந்தது, எழுந்து நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றாய், குனிந்தாய், திரும்பிப் போய்விட்டாய். பயந்துவிட்டான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போனேன். "காத்துல அணைஞ்சிருக்கும், மறுபடி ஏத்திக்கிட்டு வருவார்" என்றார் உன் அத்தான். வந்தாய். இந்தத் தடவை முடிவெட்டும் கடை வரைக்கும் வந்தாய். கடைக்காரர் உதவி செய்கிறேன் என்று கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்ததும் மூச்சுமுட்டி அதுவும் அணைந்துவிட்டது. அத்தனை கடைக்காரர்களும் வெளியே வந்து வேடிக்கை பார்க்கிறார்கள், நீ அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கோயிலுக்கு நடக்கிறாய். அந்தக் கடைக்காரரிடமே ஒரு தீப்பெட்டி கேட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? நீ கேட்கவில்லை.

அப்போதுதான் உன் அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் போகச் சொல்லவில்லை. மூன்றாம் முறை நீ வந்தபோது, காற்று வருகிற பக்கமாக அவர் நடந்து வந்தார், அந்தப் பெரிய உடம்பை உனக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு. செயலாளர் வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்குக் கண் மறைத்தது, அதற்குமேல் சரியாகத் தெரியவில்லை.

வாசலில் என் திரியை ஏற்றினாய். சாய்த்த திரியிலிருந்து மெழுகு என் விரலில் கொட்டியது, கொப்புளம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும். அத்தானுக்கும் ஒன்று ஏற்றிக் கொடுத்தாய். அவருக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை, நீ போன பிறகும் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஆயரைப் பார்க்கப் போகிறாய். சட்டப்படி நீ எந்தத் தவறும் செய்யவில்லை, அதை நிமிர்ந்து சொல். உன்னை வேறு ஊருக்கு மாற்றினால் மாற்றட்டும். துணி துவைக்கிறவளுக்கு எந்த ஊரிலும் வேலை கிடைக்கும், பம்பு எல்லா ஊரிலும் ரிப்பேராகும். எங்கே போனாலும் நாலு தெரு தள்ளி நாங்கள் இருப்போம்.

இனி நான் கோயிலுக்கு வருவேன். இந்த ஞாயிறே வருகிறேன். உன்னை முன்கூட்டியே எச்சரிப்பது நியாயம் என்பதால் எழுதுகிறேன். நற்கருணை வாங்க எல்லோரும் எழும்போது நானும் எழுவேன். வரிசையில் நிற்பேன். உதவிக்கு வருகிற பக்கத்து ஊர்ச் சாமியார் கொடுக்கிற வரிசைக்குப் போக மாட்டேன், உன் வரிசைக்குத்தான் வருவேன், கையை நீட்டுவேன். பிப்ரவரியில் கேட்கவில்லை என்று சொன்னேன். இப்போது கேட்கிறேன்.

கொடுப்பேன், மாட்டேன் என்று எதுவும் இப்போது எழுதாதே. உனக்குச் சட்டம் இருக்கிறது, எனக்கு அது தெரியும். மறுப்பதானால் மறு. ஆனால் கூரையைப் பார்க்காதே. அத்தனை பேர் முன்னால், என் முகத்தைப் பார்த்து, உன் வாயால் இல்லை என்று சொல். நான் சண்டை போட மாட்டேன், தலை குனிந்துவிட்டு இடத்துக்குத் திரும்பிப் போவேன்.

அதற்கடுத்த ஞாயிறும் வருவேன்.

உன் அக்கா